நெஞ்சு சளினு நினைச்சது இதயப் பிரச்னையாவும் இருக்கலாம்! குட்டி இதயங்கள் பற்றி இளம் பெற்றோருக்கு ஒரு கைடு

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர்... இந்தப் பக்கம் எந்தக் குழந்தைகள் கிளினிக்குக்கு சாயங்காலம் போனாலும் ஒரு வாக்கியம் நிச்சயம் காதில் விழும். "மறுபடியும் நெஞ்சு சளி டாக்டர்!"

ஜி.எஸ்.டி ரோடு தூசு, மெட்ரோ வாட்டர் மாத்தினது, ஃபேன் காத்து, பக்கத்து வீட்டுப் பையனிடமிருந்து ஒட்டிக்கிட்டது என்று காரணங்களும் தயாராக இருக்கும். பெரும்பாலான நேரம் அது சாதாரண சளிதான். ஆனால், மாதம் தவறாமல் சளி, மூச்சு வாங்கல், ஏறாத எடை என மூன்றும் சேர்ந்து வந்தால், சில குழந்தைகளுக்குப் பிரச்னை நுரையீரலில் இல்லை. அதற்குப் பக்கத்தில் இருக்கும் இதயத்தில்.

தாம்பரத்துக்கும் நெஞ்சு மருத்துவத்துக்கும் பழைய பந்தம் உண்டு. 'சானடோரியம்' என்று ரயில் நிலையத்துக்கே பெயர் வரக் காரணம், 1928-ல் டாக்டர் சவுரிமுத்து இங்கே காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனைதான். அதனாலோ என்னவோ, நெஞ்சில் சத்தம் கேட்டால் நமக்கு முதலில் நுரையீரல்தான் நினைவுக்கு வருகிறது. குழந்தைகள் விஷயத்தில் இதயத்தையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வது நல்லது. ஏன் என்று பார்ப்போம்.

நூற்றில் ஒரு குழந்தைக்கு

பிறக்கும் ஒவ்வொரு 1,000 குழந்தைகளில் சுமார் 8 முதல் 10 பேருக்கு இதய அமைப்பில் ஏதோ ஒரு குறை இருக்கிறது. அதாவது, கிட்டத்தட்ட நூற்றுக்கு ஒன்று. இந்தியாவில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் இப்படிப் பிறப்பதாக மதிப்பிடப்படுகிறது. பயப்பட வேண்டாம். இவர்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்கினருக்குத்தான் முதல் வருடத்துக்குள்ளேயே சிகிச்சை தேவைப்படும். மீதிப் பேரில் சிலருக்குத் தானே சரியாகும், சிலருக்குக் கண்காணிப்பு போதும், சிலருக்குச் சில வருடங்கள் கழித்துச் சிகிச்சை.

சிக்கல் என்னவென்றால், அந்த ஐந்தில் ஒருவர் யார் என்பதை நேரத்தில் கண்டுபிடிப்பதுதான்.

"பிறந்தப்போ நல்லா இருக்குனுதானே சொன்னாங்க?"

இதுதான் பெற்றோர்கள் அதிகம் கேட்கும் கேள்வி. பதில் புரிய, கருவறைக்குள் கொஞ்சம் போய் வர வேண்டும்.

வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. ஆக்ஸிஜன் அம்மாவின் நஞ்சுக்கொடி வழியாக வந்துவிடுகிறது. எனவே, ரத்தம் நுரையீரலுக்குப் போய்ச் சுற்ற வேண்டிய அவசியம் இல்லை. அதற்காக இதயத்தில் இரண்டு குறுக்கு வழிகள் இருக்கும். ஒன்று, மேல் அறைகளுக்கு இடையே ஒரு சின்ன கதவு. இன்னொன்று, இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக் குழாய்களை இணைக்கும் ஒரு சின்ன குழாய். குழந்தை பிறந்து, அழுது, நுரையீரல் விரிந்ததும் இந்தக் குறுக்கு வழிகள் மூட ஆரம்பிக்கும். அந்தக் குழாய் பெரும்பாலும் முதல் சில நாள்களில் மூடிவிடும்.

இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. சில கடுமையான இதயக் குறைகளில், குழந்தை உயிரோடு இருப்பதே அந்தக் குறுக்குக் குழாய் திறந்திருப்பதால்தான். பிறந்த அன்று குழந்தை ரோஸ் நிறத்தில் அழகாக இருக்கும். மூன்றாவது நாள் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்து, ஆரத்தி எடுத்து முடித்த பிறகு, குழாய் மூடும்போது குழந்தை திடீரென்று சோர்ந்துபோகும், பால் குடிக்காது, உடம்பு சில்லிட்டுப்போகும். அப்படி ஆனால் அது 'தூங்குது, எழுப்பாதீங்க' என்று விடும் நேரம் இல்லை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழாயைத் திறந்தே வைத்திருக்க மருந்து இருக்கிறது. அது கிடைத்தால் ஆபரேஷன் வரை குழந்தையைக் காப்பாற்ற முடியும்.

இன்னொரு வகை, கீழ் அறைகளுக்கு நடுவே இருக்கும் ஓட்டை. பிறந்தவுடன் நுரையீரலில் அழுத்தம் அதிகமாக இருப்பதால், ஓட்டை வழியாக ரத்தம் பெரிதாகப் பாயாது. ஸ்டெதஸ்கோப்பில் சத்தமும் கேட்காது. சில வாரங்களில் அழுத்தம் குறைந்ததும்தான் சத்தமும் மூச்சு வாங்கலும் ஆரம்பிக்கும். அதனால்தான் ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது சில குழந்தைகளுக்கு இது முதன்முறையாகத் தெரியவருகிறது. பிறந்தபோது பார்த்த டாக்டர் கவனிக்கவில்லை என்று அர்த்தமில்லை.

டிஸ்சார்ஜுக்கு முன்னால் கேட்க வேண்டிய ஒரு டெஸ்ட்

கொரோனா காலத்தில் எல்லோர் வீட்டிலும் இருந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஞாபகம் இருக்கிறதா? அதே தத்துவம்தான். பிறந்து 24 மணி நேரம் கழித்து, குழந்தையின் வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்ஸிஜன் அளவு பார்ப்பார்கள். இரண்டிலும் 95 சதவிகிதம் அல்லது அதற்கு மேல், இரண்டுக்கும் வித்தியாசம் 3-க்குள் என்றால் பாஸ். 90-க்குக் கீழே என்றால் உடனே அடுத்தகட்டப் பரிசோதனை. இடைப்பட்ட அளவென்றால் மறுபடி பார்ப்பார்கள்.

வலிக்காது, ஊசி இல்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். எல்லா மருத்துவமனையிலும் தானாகச் செய்வார்கள் என்று சொல்ல முடியாது. "குழந்தைக்குக் கையிலும் காலிலும் ஆக்ஸிஜன் பார்த்தாச்சா சிஸ்டர்?" என்று கேட்பதற்கு எந்தத் தயக்கமும் வேண்டாம். ஒரு விஷயம்: வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கான ஆக்ஸிமீட்டரைப் பச்சைக்குழந்தையின் விரலில் மாட்டிப் பார்க்காதீர்கள், சரியான அளவு காட்டாது. இந்த டெஸ்ட் எல்லா இதயக் குறைகளையும் பிடித்துவிடாது என்பதும் உண்மை. பாஸானாலும் வீட்டில் கவனம் வேண்டும்.

'ஓட்டை' என்றால் எந்த ஓட்டை?

'இதயத்துல ஓட்டை' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால், ஒவ்வொன்றும் ஒரு கதை.

கீழ் அறைச் சுவரில் ஓட்டை (வி.எஸ்.டி): பிறவி இதயக் குறைகளில் மிக அதிகம் பார்க்கப்படுவதில் ஒன்று. சின்ன ஓட்டைகள் பல, குழந்தை வளரும்போது தானே மூடிக்கொள்ளும். பெரியதாக இருந்தால் நுரையீரலுக்கு அளவுக்கு மீறி ரத்தம் பாயும். அதனால்தான் அடிக்கடி 'நெஞ்சு சளி', நிமோனியா. இவர்களுக்கு முதல் வருடத்துக்குள்ளேயே ஆபரேஷன் தேவைப்படலாம்.

மேல் அறைச் சுவரில் ஓட்டை (ஏ.எஸ்.டி): அமைதியான ஆள். பல வருடங்கள் எந்த அறிகுறியும் இருக்காது. 30 வயதில், கர்ப்ப காலப் பரிசோதனையில் தெரியவருபவர்களும் உண்டு. பல ஓட்டைகளை நெஞ்சைத் திறக்காமலேயே, தொடைப் பக்க ரத்தக் குழாய் வழியாக ஒரு குடை மாதிரி விரியும் சாதனத்தை அனுப்பி அடைத்துவிடலாம்.

மூடாத குழாய் (பி.டி.ஏ): மேலே சொன்ன குறுக்குக் குழாய் மூடாமல் திறந்தே இருப்பது. குறைமாதக் குழந்தைகளுக்கு அதிகம். மருந்து, சாதனம், ஆபரேஷன் என மூன்று வழிகளும் உண்டு. 1938-ல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் என்ற இளம் மருத்துவர், ஏழு வயதுச் சிறுமிக்கு இந்தக் குழாயைக் கட்டியதுதான் பிறவி இதய அறுவை சிகிச்சையின் தொடக்கம்.

நீலக் குழந்தைகள்: ஆக்ஸிஜன் இல்லாத ரத்தம் உடம்புக்குப் போவதால் உதடும் நாக்கும் நீலமாகும். இதில் முக்கியமானது 'டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ', நான்கு குறைகள் சேர்ந்தது. அழும்போதோ, காலையில் எழுந்ததுமோ நீலம் திடீரென அதிகமாகி குழந்தை மூச்சுக்குத் தவிக்கலாம். அப்போது குழந்தையின் முழங்கால்களை மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, சமாதானப்படுத்தியபடி 108-ஐ அழைக்க வேண்டும். கொஞ்சம் வளர்ந்த குழந்தைகள் ஓடும்போது நடுவில் தானாகவே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வதும் இதனால்தான்.

குளிரில் கை, கால் மட்டும் நீலமாவது பிறந்த குழந்தைகளில் சகஜம். நிறம் கறுப்பான குழந்தைகளுக்குத் தோலில் நீலம் தெரியாது. நாக்கையும் ஈறையும் பாருங்கள். அங்கே நீலம் என்றால் தாமதிக்கக் கூடாது.

பிறவியில் வராதது: தொண்டை வலியைக் கண்டுகொள்ளாமல் விட்டால், 5 முதல் 15 வயதில் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வரும். ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவும் வலியும் காய்ச்சலும் இதன் அடையாளம். இது இதய வால்வைப் பாதிக்கும். மறுபடி வராமலிருக்க மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, பல வருடங்களுக்குப் போட வேண்டும். 'இப்போ நல்லாத்தானே இருக்கான்' என்று நடுவில் நிறுத்துவதுதான் பலருக்கும் வினையாகிறது.

'மர்மர்' என்று சொன்னாலே ஆபரேஷனா?

இல்லை. குழந்தைகளின் இதயத்தில் டாக்டர் கேட்கும் கூடுதல் சத்தம்தான் மர்மர். ஆரோக்கியமான பல குழந்தைகளுக்கு, குறிப்பாகக் காய்ச்சல் நேரத்தில், எந்தக் குறையும் இல்லாமலேயே இந்தச் சத்தம் கேட்கும். இது சாதாரணமா, இல்லையா என்று உறுதிசெய்ய ஒரு எக்கோ ஸ்கேன் போதும். வலியில்லை, கதிர்வீச்சும் இல்லை. 'ஐயோ, ஸ்கேனா?' என்று தள்ளிப்போட வேண்டாம், எழுதிக் கொடுத்த அன்றிரவே கூகுளில் தேடித் தூக்கத்தையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

யார் இந்த ஸ்பெஷலிஸ்ட்?

குழந்தையின் இதயம் பெரியவர்களின் இதயத்தின் மினி சைஸ் கிடையாது. பெரியவர்களுக்கு அடைப்பு, குழந்தைகளுக்கு அமைப்பு. நோயே வேறு. எம்.பி.பி.எஸ்., பிறகு எம்.டி., அதற்கும் மேலே குழந்தைகள் இதயவியலில் டி.எம். அல்லது எஃப்.என்.பி. என்று படித்து வருபவர்கள்தான் பீடியாட்ரிக் கார்டியாலஜிஸ்ட். இவர்கள் கண்டறிந்து, மருந்து கொடுத்து, குழாய் வழிச் சிகிச்சை செய்வார்கள். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்பவர் இதய அறுவை சிகிச்சை நிபுணர். இருவரும் சேர்ந்துதான் முடிவெடுப்பார்கள்.

இந்தத் துறையே ஒரு பெண்ணால் உருவானது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹெலன் டாசிக்குக் காது சரியாகக் கேட்காமல் போனது. ஸ்டெதஸ்கோப்பை நம்ப முடியாத நிலையில், குழந்தைகளின் நெஞ்சில் விரல்களை வைத்தே இதயத்தைப் 'படிக்க'க் கற்றுக்கொண்டார். நீலக் குழந்தைகளின் நுரையீரலுக்கு இன்னொரு வழியில் ரத்தம் அனுப்பினால் என்ன என்று அவர் கேட்ட கேள்விதான், 1944 நவம்பர் 29 அன்று நடந்த உலகப் புகழ்பெற்ற ஆபரேஷனாக மாறியது. செய்தவர் ஆல்ஃபிரட் பிளேலாக். அவருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் நின்று வழிகாட்டியவர், அந்த முறையை ஆய்வகத்தில் உருவாக்கிய கறுப்பின டெக்னீஷியன் விவியன் தாமஸ்.

நம்மூர்த் தொடர்பும் உண்டு. வேலூர் சி.எம்.சி-யில் இதயநோய்ப் பிரிவை வளர்த்த டாக்டர் கமலா வைத்திலிங்கம், இதே ஹெலன் டாசிக்கிடம் பயிற்சி பெற்றவர். சென்னையில், பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் 1975-ல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் ஆபரேஷனைச் செய்த டாக்டர் கே.எம்.செரியன், பின்னர் குழந்தைகள் இதய சிகிச்சையிலும் பெரும் பெயர் பெற்றார்.

'சென்னையில் ஒரு நாள்' படம் பார்த்திருப்பீர்கள். அதன் பின்னால் ஒரு நிஜம் உண்டு. 2008 செப்டம்பரில், திருக்கழுக்குன்றம் பக்கம் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை, டாக்டர்களான அவனுடைய பெற்றோர் தானமாகக் கொடுத்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து போலீஸ் வழிவிட, அவன் இதயம் முகப்பேரில் இருந்த செரியனின் மருத்துவமனைக்குப் பறந்தது. அதைப் பெற்றுக்கொண்டது ஒன்பது வயதுச் சிறுமி.

யார் மேலயும் தப்பு இல்லை

குழந்தைக்கு இதயத்தில் குறை என்றதும், வீட்டில் முதல் விரல் அம்மாவை நோக்கித்தான் நீளும். "கிரகணத்தன்னிக்கு வெளிய போன", "பப்பாளி சாப்பிட்ட", "மாடிப்படி ஏறி இறங்கின." இதில் எதுவும் காரணம் இல்லை. கரு உருவான 8 வாரத்துக்குள் இதயத்தின் அமைப்பு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பல பெண்களுக்குக் கர்ப்பம் உறுதியாகும்போதே பாதிக் கட்டடம் எழுந்திருக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுதான் காரணம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது.

சில விஷயங்கள் ஆபத்தைக் கூட்டும் என்பது உண்மை. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா தொற்று, சில வலிப்பு மருந்துகள், நெருங்கிய சொந்தத்தில் திருமணம். மருந்துகளை நீங்களாக நிறுத்தாமல், குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் பேசுங்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்குவது நல்லது. குடும்பத்தில் யாருக்காவது பிறவி இதயக் குறை இருந்தால், 18 முதல் 24 வாரத்துக்குள் கருவின் இதயத்துக்கான தனி எக்கோ பற்றிக் கேளுங்கள். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கும் என்பதால், அவர்களுக்கு எக்கோ கட்டாயம்.

"பொண்ணாச்சே... வெளிய சொல்லாதீங்க"

கசப்பான விஷயம் ஒன்று. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், இதய ஆபரேஷன் பரிந்துரைக்கப்பட்ட குழந்தைகளை ஒரு வருடம் கழித்துப் பார்த்தார்கள். ஆண் குழந்தைகளில் 70 சதவிகிதம் பேருக்கு ஆபரேஷன் நடந்திருந்தது. பெண் குழந்தைகளில் 44 சதவிகிதம்தான். நெஞ்சில் தழும்பு, நாளைக்குக் கல்யாணம், ஊர் என்ன சொல்லும்... காரணங்கள் நமக்கும் புதிதல்ல.

ஆனால், காத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு. பெரிய ஓட்டையை வருடக்கணக்கில் விட்டால், நுரையீரல் ரத்தக் குழாய்கள் தடித்து, அழுத்தம் நிரந்தரமாக ஏறிவிடும். அதற்குப் பிறகு ஓட்டையை மூடுவதே உயிருக்கு ஆபத்து என்று டாக்டர்களே கைவிட வேண்டிய நிலை வரும். முதல் வருடத்தில் சரிசெய்திருந்தால் பள்ளி, கல்லூரி, கல்யாணம், குழந்தை என எல்லாவற்றுக்கும் போயிருக்க வேண்டிய பெண், 20 வயதில் மாடிப்படி ஏற முடியாமல் நிற்பாள். அதோடு ஒப்பிட்டால் தழும்பு ஒன்றுமே இல்லை.

எங்கே போவது, பணத்துக்கு என்ன செய்வது?

முதலில் உங்கள் வழக்கமான குழந்தைகள் நல மருத்துவர். அவர் எழுதிக் கொடுத்தால் குழந்தைகள் இதயநோய் நிபுணர். அரசு மருத்துவமனை என்றால், எழும்பூர் ஹால்ஸ் சாலையில் இருக்கும் குழந்தைகள் நல மருத்துவமனை முக்கியமானது. தாம்பரத்திலிருந்து லோக்கல் ட்ரெயினில் முக்கால் மணி நேரம்.

தேசிய அளவில் 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே திட்டத்தில், பிறப்பு முதல் 18 வயது வரை இலவசப் பரிசோதனை உண்டு. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழு வரும். பிறவி இதய நோயும் ருமாட்டிக் இதய நோயும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2008-லேயே சிறார் இதய ஆபரேஷனுக்கென்று அரசுத் திட்டம் வந்தது. இப்போது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் சிகிச்சை பெறலாம். விவரங்களுக்கு 1800 425 3993. கார்டு இல்லையென்றால், ஆபரேஷன் தேதிக்காகக் காத்திருக்காமல், பிரச்னை தெரிந்த அன்றே விண்ணப்பிக்கும் வேலையைத் தொடங்குங்கள்.

சிகிச்சைக்குப் பிறகு?

பலர் எல்லோரையும்போல ஓடி விளையாடுவார்கள். எந்த விளையாட்டு, எவ்வளவு என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, பி.டி மாஸ்டரிடம் கொடுத்துவிடுங்கள். தடுப்பூசிகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். பல்லைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சொத்தைப் பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து இதயத்தைத் தாக்கலாம். பல் டாக்டரிடம் போனால் இதய விவரத்தை முதலில் சொல்லுங்கள்.

உங்கள் போனை இப்படிப் பயன்படுத்துங்கள்

இன்று முதல் செய்யக்கூடியது இது. குழந்தை தூங்கும்போது போனில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு, முழுதாக ஒரு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் என்றால் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ, காரணம் சளியோ இதயமோ, டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இவற்றையும் கவனியுங்கள்:

* பால் குடிக்கும்போது நெற்றி வியர்ப்பது, கொஞ்சம் குடித்துக் களைத்து நிறுத்துவது, மறுபடி பசித்து அழுவது
* மாதாமாதம் எடை ஏறாமல் நிற்பது
* மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது
* ஒரே வருடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா
* நாக்கு, உதடு நீலமாவது
* வளர்ந்த பிள்ளைகள் ஓடும்போது மயங்கி விழுவது, அல்லது நெஞ்சு வலிக்கிறது என்பது
* குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்திருப்பது

மூச்சு வாங்குவதையோ நீலமாவதையோ முடிந்தால் 30 விநாடி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நாக்கு நீலமாகி குழந்தை தவிக்கிறது என்றால், முதலில் 108, அப்புறம்தான் வீடியோ. கிளினிக்குக்குள் போனதும் பல குழந்தைகள் சமர்த்தாகிவிடும். நாம் வாயால் விவரிப்பதைவிட அந்த வீடியோ டாக்டருக்கு நிறைய சொல்லும். டிஸ்சார்ஜ் சம்மரி, எடை எழுதிய தடுப்பூசி அட்டை, பழைய ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஒரே ஃபோல்டரில் போட்டுவையுங்கள்.

டாக்டரிடம் கேட்க நான்கு கேள்விகள் போதும். குறைக்குப் பெயர் என்ன? தானே மூடுமா? எத்தனை மாதத்துக்குள் சிகிச்சை செய்ய வேண்டும்? எது நடந்தால் உடனே ஓடி வர வேண்டும்? மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் தேதியை மட்டும் போன் காலண்டரில் போட்டு, கணவன், மனைவி இருவரும் ரிமைண்டர் வைத்துக்கொள்ளுங்கள்.